தியோமான் போகிறோம்: திமிங்கிலச் சுறா, பவளம், நம்ம மெங்கிபோல் ஆறு

செல்வி_டீச்சர்
வெள்ளி, இரவு 8:52

வணக்கம். ஜூலையில் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கிலிருந்து மாணவர்களும் பெற்றோருமாக 40 பேர் தியோமான் தீவுக்குப் போகிறோம். மெர்சிங் வரை பஸ், அங்கிருந்து ஃபெரி, இரண்டு இரவு தங்கல், ஒரு முழு நாள் ஸ்நோர்க்கல் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி நீர்ப்பரப்பில் மிதந்து பார்ப்பது). பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள், கடலில் இறங்கிப் பழக்கமில்லை. நான்கு கேள்விகள். திமிங்கிலச் சுறா வந்தால் எப்படி நடந்துகொள்வது? எந்த சன்ஸ்கிரீன் வாங்குவது? மீனுக்கு ரொட்டி போடலாமா? பவளத்துக்குச் சேதமில்லாமல் 40 பேரை எப்படித் தண்ணீரில் இறக்குவது? பதில்களை அச்சடித்துப் பிள்ளைகள் கையில் கொடுக்கப் போகிறேன். அதனால் "கவனமா இருங்க" என்று நிறுத்திவிடாமல் அளவோடு சொல்லுங்கள்.

நீலக்கரை
வெள்ளி, இரவு 9:40

டீச்சர், சுறாவிலிருந்து தொடங்குகிறேன். உலகத்திலேயே பெரிய மீன் இதுதான், 18 மீட்டர் வரைக்கும் வளரும். ஆனால் கரையோரங்களில் நம் கண்ணில் படுபவை பெரும்பாலும் 4 முதல் 8 மீட்டர் நீளமுள்ள இளம் மீன்கள். கடிக்கிற சாதி இல்லை. வாயைத் திறந்துகொண்டு நீந்தி, மிதவை உயிரிகளையும் மீன் முட்டைகளையும் சின்ன மீன்களையும் வடிகட்டித் தின்னும். அதன் வாலடி பட்டால் நமக்கு ஆபத்து. அதற்கு ஆபத்து நம் போட்டின் புரொப்பெல்லர்.

ஆஸ்திரேலியாவின் நிங்காலூ கடற்பகுதியில் நெடுங்காலமாக நடைமுறையில் உள்ள அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். தலையிலிருந்தும் உடம்பிலிருந்தும் 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர். பிள்ளைகளுக்கு ஒரே எண்ணாக 4 மீட்டர் என்று சொல்லிவிடுங்கள். ஒரு வகுப்பறைக் கதவு சுமார் 2 மீட்டர் உயரம், அதில் இரண்டு கதவு தூரம் என்றால் மனதில் நிற்கும். ஒரு நேரத்தில் தண்ணீரில் 10 பேருக்கு மேல் கூடாது. தொடக்கூடாது, ஃபிளாஷ் கூடாது, செல்ஃபி குச்சி கூடாது. 250 மீட்டர் வட்டத்துக்குள் ஒரே ஒரு போட்தான், அதுவும் 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) வேகத்துக்குள். மீனை நெருங்கினால் 30 மீட்டரோடு நின்றுவிட வேண்டும்.

இறங்கும் முறைதான் முக்கியம். சுறா போகும் திசைக்கு முன்னால், பக்கவாட்டில் ஒதுங்கிப் போட்டை நிறுத்தி கியரை நியூட்ரலில் போடச் சொல்லுங்கள். பிள்ளைகள் குதிக்காமல், விளிம்பில் உட்கார்ந்து வழுக்கி இறங்க வேண்டும். குதித்தால் வருகிற சத்தத்துக்கே மீன் ஆழத்துக்குப் போய்விடும். இறங்கியதும் எல்லோரும் ஒரே பக்கமாகச் சேர்ந்து மிதந்தால் சுறா தானாகவே பக்கத்தில் கடந்து போகும். எதிரே போய் வழியை மறித்தால் அது திரும்பும், அந்தத் திருப்பத்தில் வால் வீசும். பின்னாலிருந்து துரத்தினாலும் வால்தான். அது சும்மா நீந்துவது போலத் தெரியும், ஆனால் மணிக்கு 4, 5 கிலோமீட்டர் வேகம். ஸ்நோர்க்கல் பழகாதவர் ஒரு நிமிடத்துக்கு மேல் கூடவே போக முடியாது.

மீன் சங்கடப்படுகிறதா என்று பார்க்க மூன்று அடையாளம். கண் குழிக்குள் உள்வாங்கும். உடம்பைச் சாய்த்து முதுகை உங்கள் பக்கம் திருப்பும். சட்டென்று தலைகுப்புற ஆழத்துக்கு இறங்கும். முதல் இரண்டில் ஒன்றைப் பார்த்தாலே எல்லோரையும் விலக்கிவிடுங்கள், மூன்றாவது வரை காத்திருக்கக் கூடாது.

கடலோடி_அண்ணன்
வெள்ளி, இரவு 10:05

"திமிங்கிலச் சுறா கட்டாயம் காட்டுவோம்" என்று சொல்கிற போட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். கிழக்குக்கரைத் தீவுகளில் அது எப்போதாவது வரும், எந்த நாளில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படி வாக்குக் கொடுப்பவர் ஒன்று பொய் சொல்கிறார், இல்லாவிட்டால் கண்டதும் துரத்தத் தயாராக இருக்கிறார்.

இன்னொன்று. மலேசியாவில் அது சட்டப் பாதுகாப்புள்ள மீன். 1985 மீன்பிடிச் சட்டத்தின் கீழ் 1999இல் வந்த விதிமுறைகளில் கடற்பசு, திமிங்கிலம், டால்பினோடு திமிங்கிலச் சுறாவும் இருக்கிறது. பிடிப்பது, கொல்வது, விற்பது மட்டுமில்லை, தொந்தரவு செய்வதும் குற்றம். போட்காரரிடம் சண்டை போடும் குரலில் சொல்ல வேண்டாம். "அண்ணே, 30 மீட்டர்ல நிறுத்துங்க, பிள்ளைங்க நீந்தியே போவாங்க" என்று கிளம்பும் முன்பே படகு ஜெட்டியில் பேசி வைத்துவிடுங்கள். கடலுக்குள் போய் மீனைக் கண்ட பிறகு யாரும் யார் பேச்சையும் கேட்க மாட்டார்கள்.

புள்ளிக்கோலம்
வெள்ளி, இரவு 10:31

வந்துவிட்டால் படத்தை வீணாக்காதீர்கள். ஒவ்வொரு திமிங்கிலச் சுறாவின் புள்ளிகளும் நம் கைரேகை மாதிரி வேறுவேறு. அடையாளம் காண வேண்டிய இடம் மிகச் சிறியது: இடது பக்கம், ஐந்து செவுள் வெட்டுகளில் கடைசி வெட்டுக்குப் பின்னால், பக்கத்துடுப்புக்கு மேலே உள்ள பகுதி. வாயைத் திறந்துகொண்டு எதிரே வருகிற படம் அழகாக இருக்கும், அடையாளத்துக்கு உதவாது. மீனுக்கு நேர் பக்கவாட்டில், கேமராவைச் சாய்க்காமல், அந்தப் பகுதி முழுவதும் தெரியும்படி எடுக்க வேண்டும். வலப்பக்கமும் கிடைத்தால் தனிப்படமாக எடுங்கள்.

இந்தப் புள்ளிகளை ஒப்பிடும் கணினி முறையே விண்மீன் படங்களை ஒப்பிட வானியலார் பயன்படுத்திய கணக்கிலிருந்து வந்தது. கறுப்பு வானில் வெள்ளைப் புள்ளி, கறுத்த தோலில் வெள்ளைப் புள்ளி, கணக்கு ஒன்றுதான். ஷார்க்புக் என்ற பொதுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் படம் ஏற்றலாம். தேதி, நேரம், இடம், உத்தேச நீளம், உடம்பில் வெட்டுக்காயம் இருந்தால் அது, ஆணா பெண்ணா என்பது. ஆணுக்கு வயிற்றடித் துடுப்புகளுக்கு நடுவே இரண்டு விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும். நீளத்தைக் கண்ணால் அளக்காதீர்கள், தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். பக்கத்தில் நீந்தும் ஆளின் உயரத்தோடு ஒப்பிட்டுக் குறியுங்கள்.

மருந்துக்கடை
சனி, காலை 7:18

சன்ஸ்கிரீன். பவளத்துக்குக் கேடு என்று ஹவாய் 2021 ஜனவரியிலிருந்து ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்கிரீனை விற்கத் தடை போட்டது. தாய்லாந்து அதே ஆண்டு தன் கடல் தேசியப் பூங்காக்களில் இவற்றோடு இன்னும் இரண்டையும் சேர்த்துத் தடுத்தது. கடையில் அந்தப் பெயர்களைத் தேடினால் பல டியூபில் கிடைக்காது. பின்பக்கப் பட்டியலில் பென்சோஃபினோன்-3 என்று இருந்தால் அதுதான் ஆக்ஸிபென்சோன். எத்தில்ஹெக்சில் மெத்தாக்சிசின்னமேட் என்று இருந்தால் அதுதான் ஆக்டினாக்சேட். முன்பக்கத்தில் "பவளத்துக்குப் பாதுகாப்பு" என்று எழுதியிருந்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள், பின்பக்கத்தைத் திருப்புங்கள். துத்தநாக ஆக்சைடு மட்டும் உள்ளது நல்லது. வெள்ளையாகப் பூசிக்கொண்டது போலத் தெரியும், பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான்.

ஆனால் டியூபை மாற்றுவதைவிட அளவைக் குறைப்பதே பெரிய வேலை. பெரியவர் உடம்பு முழுக்கச் சரியாகப் பூச ஒரு தடவைக்கு சுமார் 30 மில்லி வேண்டும். 40 பேர், நாளைக்கு இரண்டு தடவை என்றால் 2.4 லிட்டர். அதில் ஒரு பகுதி கடலில்தான் கரையும். முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை ஒட்டிய கால்சட்டையும் போட்டால் பூச வேண்டிய இடம் முகம், கழுத்து, கை, பாதம் என்று சுருங்கிவிடும். ஸ்நோர்க்கலில் எரிவது முதுகும் முழங்காலின் பின்பக்கமும்தான், அதைத் துணி மறைத்துவிடும். பூசிக்கொண்டால் 20 நிமிடம் கழித்து இறங்குங்கள்.

நீலக்கரை
சனி, காலை 8:02

மருந்துக்கடை சொன்ன சட்டை யோசனைக்கு என் முழு ஆதரவு. ஒரு திருத்தம் மட்டும். பவளம் வெளுப்பதற்கு (தன்னுள் வாழும் பாசியை இழந்து வெள்ளையாவதற்கு) முதல் காரணம் சூடு. கோடையின் வழக்கமான உச்சத்தைவிடத் தண்ணீர் 1 டிகிரி கூடி நான்கு வாரம் அப்படியே நின்றால் போதும், வெளுப்பு தொடங்கும். அதைப் போல இரண்டு மடங்கு சூடு சேர்ந்தால் சாவு. 2010இல் மலேசியாவில் தியோமான், ரெடாங், பாயார் பகுதிகளில் சில முக்குளிப்பு இடங்களையே மூடினார்கள். 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது. சன்ஸ்கிரீனை மாற்றிவிட்டோம், கடமை முடிந்தது என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

மருந்துக்கடை
சனி, காலை 8:20

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சூட்டில் தளர்ந்த பவளத்தின் மேல் இன்னொரு சுமையை ஏற்றாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. சூடு நம் 40 பேர் கையில் இல்லை.

கடலோடி_அண்ணன்
சனி, காலை 9:15

ரொட்டி வேண்டவே வேண்டாம். பாறையில் பாசியை மேய்ந்து பவளத்துக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கிற மீன்கள் ரொட்டிக்குப் பழகினால் மேய்ச்சலை விட்டுவிட்டு ஜெட்டி ஓரத்தில் சுற்றும். வரிவரியாய் இருக்கிற சின்ன மீன்கள் கையைக் கொத்தத் தொடங்கும்.

பெரிய மீனுக்கும் அதே கதிதான். பிலிப்பீன்ஸில் செபு தீவின் ஒஸ்லோப் ஊரில் 2011 முதல் திமிங்கிலச் சுறாவுக்குக் கூனி போட்டுப் பழக்கி, அதைக் காட்டிக் காசு பார்க்கிறார்கள். நூற்றுக்கணக்கான பேர் தினமும் இறங்குகிறார்கள். விளைவு என்ன? வலசை போகிற மீன் ஒரே இடத்தில் தங்குகிறது. படகைக் கண்டால் சாப்பாடு என்று மேலே வருகிறது. அதே பழக்கத்தோடு வேறு ஊருக்குப் போய் வேறு படகின் புரொப்பெல்லரில் மாட்டுகிறது. அங்குள்ள மீன்களின் உடம்பில் தழும்பு கூடியிருப்பதை ஆய்வாளர்கள் படத்தோடு பதிவு செய்திருக்கிறார்கள். அதே நாட்டில் தொன்சோலில் உணவு போடுவதில்லை, ஒரு சுறாவுக்கு ஒரு படகு, ஆறு பேர். அங்கே மீன் தன் போக்கில் வரும், சில நாள் வரவே வராது. அதுதான் சரி.

பாசிப்படுகை
சனி, காலை 11:47

நான்காவது கேள்விக்கு வருகிறேன். பவளத்தின் மேல் ஆள் ஏன் நிற்கிறார்? பெரும்பாலும் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்ததால்தான். தண்ணீர் புகும், மூக்கில் ஏறும், பயம் வரும், கால் தரையைத் தேடும், தரை பவளமாக இருக்கும். ஆகவே பவளத்தைக் காப்பாற்றுகிற வேலை குளுவாங் நீச்சல் குளத்திலேயே தொடங்குகிறது.

வார் போடாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மெதுவாக மூச்சை இழுக்கச் சொல்லுங்கள். கையை விட்டாலும் மாஸ்க் ஒட்டிக்கொண்டு நின்றால் அளவு சரி. நெற்றி முடி ரப்பர் ஓரத்தில் சிக்கினால் ஒழுகும். மீசைக்காரர்களுக்கு மேலுதட்டில் ஒழுகும், கொஞ்சம் வாஸ்லின் தடவினால் நிற்கும். வாரை இறுக்கினால் ஒழுகல் நிற்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள். இறுக்க இறுக்க ரப்பர் மடிந்து இன்னும்தான் ஒழுகும். பிறகு தண்ணீர் புகுந்ததும் மல்லாந்து மிதந்து, மாஸ்க்கின் கீழ் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி வடித்துவிட்டு மறுபடி கவிழ்வதை ஐந்து தடவையாவது செய்யட்டும். லைஃப் ஜாக்கெட்டோடுதான் பழக வேண்டும். அது இல்லாமல் பழகிவிட்டு அங்கே போய் மாட்டினால் திரும்பவும் முதலிலிருந்துதான்.

தீவில் ஆழம் 2 மீட்டருக்குக் குறைந்த இடத்தில் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) மாட்டாதீர்கள். மணலில் இறங்கி, மணல் மேலேயே நீந்தி, பவளத் திட்டின் ஓரத்தில் நின்று பார்ப்பது போதும். தண்ணீர் வற்றும் நேரத்தில் திட்டின் மேல் போனால் வயிறு உரசும், திரும்ப வழி இருக்காது. வேகமாக வளரும் மான்கொம்புப் பவளமே ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். உருண்டைப் பவளம் 1 சென்டிமீட்டரை எட்டினால் பெரிது. பிள்ளைகளிடம் ஸ்கேலைக் காட்டி இதைச் சொல்லுங்கள். போட் நங்கூரம் போடாமல் மிதவையில் கட்ட வேண்டும். மிதவை காலி இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். சிப்பி, உடைந்த பவளம் எதையும் பையில் எடுத்து வரக்கூடாது, கடல் பூங்காவில் கரையிலிருந்து 2 கடல் மைலுக்குள் அதற்குச் சட்டத்தடை உண்டு.

ஆலைக்குளம்
சனி, பிற்பகல் 3:26

நல்ல இழை. ஆனால் ஒன்று விடுபட்டுப் போகிறது. தீவில் நாம் இருப்பது இரண்டு நாள். ஆண்டு முழுக்க நாம் கடலுக்கு அனுப்புவது ஆற்று வழியாக. டவுன் நடுவே ஓடுகிற மெங்கிபோல் செம்ப்ரோங்கில் சேர்ந்து, எண்டாவ் ஆறாகி, ஜொகூர் பகாங் எல்லையில் தென்சீனக் கடலில் விழுகிறது. டீச்சர், உங்கள் அச்சுத்தாளில் இதற்கும் அரைப்பக்கம் வேண்டும்.

செம்பனை ஆலைக் கணக்கைப் பாருங்கள். ஒரு டன் குலையை ஆட்டினால் சுமார் 0.65 கன மீட்டர் கழிவுநீர் வரும். மணிக்கு 60 டன் ஆட்டும் ஆலை 20 மணி நேரம் ஓடினால் 780 கன மீட்டர். அது வெளியே வரும்போது 80, 90 டிகிரி சூடு, புளிப்பு, எண்ணெய். அதிலுள்ள அழுக்கு சிதைய எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதைத்தான் பிஓடி என்று அளக்கிறோம். நம் நாட்டுச் சோதனையில் 30 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்ப்பார்கள். சுத்திகரிக்காத கழிவில் அது லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவு. 780 கன மீட்டருக்கு 19.5 டன். ஒரு ஆளின் அன்றாடக் கழிவு 55 கிராம் என்று கொண்டால், ஒரே ஆலை சுத்திகரிக்காமல் விட்டால் மூன்றரை லட்சம் பேர் உள்ள ஊரின் சாக்கடைக்குச் சமம்.

1977இல் வந்த விதிமுறைப்படி ஆற்றில் விடும்போது அது 100க்குக் கீழே இருக்க வேண்டும். புது ஆலைகளுக்கும் ஆற்றின் நிலைமை மோசமான இடங்களுக்கும் உரிமத்தில் 20 என்று இறுக்கியிருக்கிறார்கள். 100க்கும் 20க்கும் என்ன வித்தியாசம்? அதே ஆலைக்கு முதலாவது நாளுக்கு 78 கிலோ, இரண்டாவது 15.6 கிலோ. ஒன்று 1,400 பேர் ஊர், மற்றது 280 பேர் வாழும் லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்).

எங்கே தவறுகிறது? கழிவை நுண்ணுயிர் சிதைக்கும் குளம் இருக்கிறது, ஆனால் ஆழம் இல்லை. 5, 6 மீட்டர் ஆழத்தில் வெட்டிய காற்றில்லாக் குளத்தில் அடிச்சேறு ஏறி ஏறி 2 மீட்டர் மிஞ்சியிருக்கும். 40 நாள் தங்க வேண்டிய தண்ணீர் 15 நாளில் வெளியேறும், நுண்ணுயிருக்கு நேரம் போதாது. மூன்றில் ஒரு பங்கு சேறு ஏறியதும் வாரிவிட வேண்டும். குலை மிகுதியாக வரும் மாதங்களில் ஆலை கூடுதல் நேரம் ஓடும், அதை ஒட்டியே கிழக்குக்கரையில் மழையும் பிடித்துக்கொள்ளும். குளத்தின் கரைக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் இடையே குறைந்தது அரை மீட்டராவது காலி வைக்காவிட்டால் ஒரே இரவு மழையில் வழிந்துவிடும். மூன்றாவது, சூடு ஆறாமல் குளத்தில் விடுவது. எண்ணெய் மேலே பாய் விரித்தது போல மூடும், அடியில் குமிழி வருவது நிற்கும். நன்றாக வேலை செய்யும் குளத்தில் குமிழி எல்லா இடத்திலும் ஒரே சீராக வெடித்துக்கொண்டிருக்கும்.

நீலக்கரை
சனி, மாலை 5:10

நியாயம்தான். ஆனால் நேர்மையாகக் கேட்கிறேன், அந்த அழுக்கு தியோமான் வரை போகுமா? ஆற்றிலேயே சிதைந்துவிடாதா?

ஆலைக்குளம்
சனி, மாலை 5:44

பிஓடி போகாது, ஆறே அதைத் தின்று தீர்த்துவிடும். விலை கொடுப்பது ஆற்று மீன். போய்ச் சேருவது மூன்று: நைட்ரஜன், நுண்ணிய மண், பிளாஸ்டிக். அதுவும் நேராகத் தியோமானுக்குப் போகாது. வடகிழக்குப் பருவத்தில் கரையோர நீரோட்டம் தெற்கே இழுக்கும். எண்டாவ் முகத்தில் விழுவது மெர்சிங் பக்கம், கரைக்கு அருகே உள்ள தீவுகள் பக்கம் நகரும். சிபு, திங்கி தீவுகளைச் சுற்றிக் கடற்புல் படுகை இருக்கிறது, கடற்பசு மேய்கிற இடம். கடற்புல்லுக்கு வெளிச்சம் வேண்டும். கலங்கல் கூடினால் முதலில் சாவது அதுதான். பவளமோ மேலே படியும் மண்ணைச் சளி விட்டுத் தள்ளும், அந்தச் சளிக்கே தன் சக்தியைச் செலவழித்துவிடும். நைட்ரஜன் கூடினால் பாசி கொழுக்கும், பவளக் குஞ்சு ஒட்ட இடம் கிடைக்காது.

பிளாஸ்டிக் மட்டும் எவ்வளவு தூரமும் போகும். 6 மீட்டர் நீளமுள்ள திமிங்கிலச் சுறா மேய்கிறபோது மணிக்கு சுமார் 600 கன மீட்டர் தண்ணீரை வடிகட்டுகிறது. மேலே சொன்ன ஆலை ஒரு நாளில் விடும் தண்ணீர் அளவை அது ஒன்றரை மணி நேரத்துக்குள் வாயால் சலித்துவிடும். மிதப்பது கூனியா, சாக்குப்பை நாரா என்று பிரித்துத் துப்ப அதனால் முடியாது.

செம்மண்
சனி, இரவு 8:33

சாக்குப்பை என்றதும் எழுத வேண்டியதாகிவிட்டது. தோட்ட வேலையில் கடலுக்குப் போகிற பொருள் எது என்று தெரிந்தவர்களுக்கு அது உரச்சாக்குதான். ஒரு ஹெக்டருக்கு 136 செம்பனை மரம், மரத்துக்கு ஆண்டுக்கு ஏழரைக் கிலோ உரம் என்றால் 1,020 கிலோ. 50 கிலோ சாக்கில் 20 சாக்கு. 1,000 ஹெக்டர் தோட்டத்துக்கு ஆண்டுக்கு 20,000 சாக்கு, உள்ளே இருக்கும் மெல்லிய பை சேர்த்தால் 40,000 உருப்படி. வெளிச்சாக்கை உதிரிப் பழம் பொறுக்க வைத்துக்கொள்வார்கள். உள்பை காட்டிலேயே கிடக்கும். வெயிலில் ஒரே ஆண்டில் நாராகக் கிழிந்து, மழையில் வடிகானுக்குள் போய்விடும்.

இதற்கு வழி கணக்குத்தான். காலையில் ஸ்டோரிலிருந்து எத்தனை சாக்கு போனதோ, மாலையில் அத்தனை வெளிச்சாக்கும் அத்தனை உள்பையும் மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) கையெழுத்தோடு திரும்ப வர வேண்டும். பத்துப் பத்தாகச் சுருட்டிக் கட்டினால் எண்ணச் சுலபம். மறுநடவில் நாற்றுப் பையும் இப்படித்தான். நட்ட ஆள் பையைக் கிழித்துக் குச்சியில் மாட்டிவிட்டுப் போவார், பையோடு புதைக்கவில்லை என்று காட்ட. எண்ணி முடித்ததும் யாரும் எடுப்பதில்லை. ஹெக்டருக்கு 136 கறுப்புப் பை.

உரம் போடும் நாளும் முக்கியம். மாத மழை 250 மில்லிமீட்டரைத் தாண்டும் மாதங்களில் போடக்கூடாது. நம் பக்கம் நவம்பர், டிசம்பர் அப்படித்தான். வேலைக்கு ஆள் கிடைத்தது என்று அப்போது போட்டால் உரம் வேருக்குப் போகாமல் ஆற்றுக்குப் போகும், காசும் அதோடு போகும். மரத்தடியில் குவியலாகக் கொட்டாமல் விசிறிப் பரப்ப வேண்டும்.

ஆற்றோர ஒதுக்கு: 5 மீட்டருக்குக் குறுகிய ஓடைக்கு இரு கரையிலும் 5 மீட்டர், 5 முதல் 10 வரை அகலமென்றால் 10, 10 முதல் 20 வரை 20, 20 முதல் 40 வரை 40, அதற்கும் மேல் 50. எல்லையில் நிற்கும் மரங்களுக்குச் சிவப்புப் பட்டை அடித்துவிட்டால், உரம் போடுகிறவரும் மருந்தடிக்கிறவரும் அளவு கோல் இல்லாமலே நிறுத்திக்கொள்வார்கள். பட்டை மழையில் மங்கும், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அடிக்க வேண்டும். சரிவில் ஓலையைக் குறுக்கே அடுக்க வேண்டும். மேலிருந்து கீழாக அடுக்கினால் அதுவே மழைத் தண்ணீருக்குச் சறுக்குப் பாதை. மறுநடவுக்கு மண்ணைத் திறந்தால் பருவமழைக்கு முன்பே மூடுகொடி பிடித்திருக்க வேண்டும். இதில் ஒரு மாதம் பிசகினாலும் அந்த ஆண்டு எண்டாவ் தேநீர் நிறத்தில் ஓடும்.

கம்பத்துப்பிள்ளை
சனி, இரவு 9:12

ஆற்றுத் தண்ணீர் பழுப்பாக ஓடினால் ஆலைதான் காரணம் என்று புகார் செய்யலாமா?

ஆலைக்குளம்
சனி, இரவு 9:50

நிறத்தை மட்டும் வைத்துச் செய்யாதீர்கள், தம்பி. முறையாகச் சுத்திகரித்த ஆலைத் தண்ணீரும் கடுந்தேநீர் நிறத்தில்தான் இருக்கும். கரிச்சதுப்பு நிலத்து ஓடையும் இயற்கையாகவே பழுப்புத்தான். விடியற்காலையில் போய்ப் பாருங்கள், ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் நேரம் அது. மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால் விஷயம் இருக்கிறது. தண்ணீருக்குள் கிடக்கும் கல்லைத் தொட்டுப் பாருங்கள். சாம்பல் வெள்ளையில் ஈரப் பஞ்சு போல வழவழவென்று படர்ந்து, நீரோட்டத்தில் வால் வாலாக ஆடினால் அது அழுக்கு மிகுந்த தண்ணீரில் மட்டும் வளரும் படலம். அழுகிய முட்டை வாடை, எண்ணெய்ப் பளபளப்பு இரண்டையும் குறியுங்கள். கழிவு விழும் இடத்துக்கு மேலே ஒரு படம், கீழே ஒரு படம், இரண்டிலும் தேதி, நேரம், இடக்குறி. மேலே சுத்தம், கீழே அழுக்கு என்று காட்டினால்தான் அது சாட்சி. சுற்றுச்சூழல் இலாகாவுக்கு அன்றைக்கே அனுப்புங்கள், மூன்று நாள் கழித்து அதிகாரி வந்தால் ஆறு கழுவிவிட்டுப் போயிருக்கும். பாட்டிலில் நீங்களே மாதிரி எடுக்க வேண்டாம், வழக்குக்கு நிற்காது. ஆலைக்குள் அனுமதியில்லாமல் நுழையவும் வேண்டாம்.

லயத்துவாசி
ஞாயிறு, காலை 6:55

ஆலையையும் தோட்டத்தையும் சொன்னோம், நம் வீட்டு லோங்காங்கையும் (சாக்கடைக் கான்) சொல்ல வேண்டும். பொரித்த எண்ணெயைக் கானில் ஊற்றாமல் பாட்டிலில் சேர்த்தால் பழைய எண்ணெய் வாங்குகிறவர்கள் காசு கொடுத்தே எடுக்கிறார்கள். திருவிழா அன்னதானத்துக்கு போலிஸ்டைரின் தாப்பாவ் (சாப்பாடு கட்டும்) பெட்டி வேண்டாம், வாழை இலையும் மக்கும் தட்டும் நமக்குப் புதிதா?

இன்னொன்றை மரியாதையோடு சொல்கிறேன். கருமக்கிரியைக்கு ஆற்றங்கரைக்குப் போகிறோம். அஸ்தியும் மண்சட்டியும் பூவும் தண்ணீரோடு சேரட்டும். பூமாலையின் நைலான் நூலை அறுத்து எடுத்துவிட்டுப் பூவை மட்டும் விடலாம். பூசைச் சாமான் வந்த பிளாஸ்டிக் பை, கற்பூர டப்பா, பாலியெஸ்டர் வேட்டி இவற்றைத் திரும்ப எடுத்து வர ஒரு சாக்கு கொண்டுபோகலாம். சடங்கில் எதுவும் குறையாது. ஐயர்மாரிடமும் பூசாரிகளிடமும் முன்கூட்டியே சொன்னால் அவர்களே வந்தவர்களிடம் சொல்லிவிடுவார்கள்.

பாசிப்படுகை
ஞாயிறு, காலை 8:40

கூட்டத்தைக் குறைத்தால் கடல் திரும்பும் என்பதற்கு ஓர் உதாரணம், பிள்ளைகளுக்குச் சொல்ல. தாய்லாந்தின் மாயா குடாவை 2018 ஜூனில் மூடினார்கள், 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இடையில் கருமுனைச் சுறாக்கள் குடாவுக்குள்ளேயே திரும்பி வந்தன. இப்போது படகு முன்வாசலில் நுழையக்கூடாது, பின்பக்கம் இறங்கி நடந்து வர வேண்டும். நம் சபாவில் சிப்பாடான் தீவிலிருந்த விடுதிகளை 2004 முடிவோடு அகற்றினார்கள், பிறகு நாளொன்றுக்கு 120 பேர் என்ற கணக்கு பல ஆண்டுகள் இருந்தது.

செல்வி_டீச்சர்
ஞாயிறு, பிற்பகல் 2:15

எல்லோருக்கும் மிக்க நன்றி. இப்படி வைத்திருக்கிறேன்: நான்கு குழு, குழுவுக்கு 10 பேர், ஒவ்வொன்றுக்கும் நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் பொறுப்பு. புறப்படும் முன் இரண்டு சனிக்கிழமை நீச்சல் குளத்தில் மாஸ்க் பழக்கம். முழுக்கைச் சட்டை கட்டாயம், துத்தநாக சன்ஸ்கிரீன் முகம், கழுத்து, கை, பாதத்துக்கு மட்டும். ரொட்டி இல்லை. கிளம்பும் நாள் காலையில் மெங்கிபோல் கரையில் பத்து நிமிடம் நிறுத்தி, இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று பிள்ளைகளிடம் வரைபடத்தில் காட்டப் போகிறேன். செம்மண் ஐயா சொன்ன சாக்குக் கணக்கைப் பிள்ளைகளே அப்பாவிடம் கேட்டு வரட்டும். கடைசியாக ஒன்று: போட்டும் ஃபெரியும் எத்தனை மணிக்கு வைப்பது?

கடலோடி_அண்ணன்
ஞாயிறு, பிற்பகல் 3:03

மெர்சிங் ஆற்று வாய் ஆழம் குறைவு, ஃபெரி நேரம் கடல் ஏற்றத்தைப் பொறுத்துத் தினமும் மாறும். தேதி முடிவானதும் ஃபெரிக்காரரிடம் அந்த நாளின் நேரத்தைக் கேட்டு, அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே ஜெட்டியில் இருங்கள். குளுவாங்கிலிருந்து பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் வையுங்கள், ஆற்றங்கரையில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். ஸ்நோர்க்கலுக்கு ஏற்றம் முக்கால் இருக்கும்போது இறங்கினால் பவளத்துக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு மீட்டராவது தண்ணீர் இருக்கும். முதல் குழு காலை எட்டரைக்கு, மற்ற போட்டுகள் வருவதற்கு முன்பே. குழு மாறும்போது நான்கு குழுவுக்கும் ஒரே போட் என்றால், முதல் பத்துப் பேர் முழுசாக ஏறி எண்ணி முடித்த பிறகுதான் அடுத்தவர் இறங்க வேண்டும், அதுவரை இன்ஜின் அணைந்தே இருக்கட்டும்.